இருநிறச் சால்வை



கண்ணால் பார்த்துக் கையால் பழக வேண்டிய ஒரு தொழிலைப் பற்றிக் காதால் மட்டுமே கேட்கக்கூடியவர்களுக்குச் சொல்லப் புகுவது சற்றுத் துணிச்சலான செயல்தான். கரும்பலகையும் சுண்ணக்கட்டியும் இல்லாமல் பாடம் நடத்தி எனக்குப் பழக்கம் இல்லை. ஆகையால் உங்களிடம் ஓர் உதவி கேட்கிறேன். வீட்டில் இருப்பவர்கள் இரண்டு பென்சில்களையும் நான்கு முழம் சணல் கயிற்றையும் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். நான் சொல்லச் சொல்ல விரல்கள் தாமே எதையாவது செய்து பார்க்கட்டும்.

இன்று நான் பேச எடுத்துக்கொண்டது, இரண்டு நிறக் கம்பளி நூலால் துளைவேலையுடன் ஒரு சால்வை பின்னக் கற்றுக்கொள்வது பற்றி. தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவருக்கு இது என்ன வேலை என்று சிலர் நகைக்கக்கூடும். என் வீட்டிலேயே நகைத்தார்கள். அந்த நகைப்புக்குப் பின்னால் ஒரு பழைய கதை இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் பின்னல் என்றால் என்ன என்று பார்ப்போம்.

நம் நாட்டில் துணி என்றதும் தறிதான் நினைவுக்கு வரும். நெடுக ஓடும் பாவு நூலின் குறுக்கே ஊடை நூல் ஏறியும் இறங்கியும் செல்வதால் துணி உண்டாகிறது. அதில் நூல்கள் பல. ஒரு நூல் அறுந்தாலும் மற்றவை துணியைக் காக்கும். பின்னல் வேறு. அதில் இருப்பது ஒரே நூல். அந்த நூல் ஒரு கண்ணியாக வளைகிறது; அக்கண்ணியின் உள்ளே புகுந்து மற்றொரு கண்ணி வெளியே வருகிறது; அதனுள்ளிருந்து மூன்றாவது. அரிசி மூட்டையின் வாயைத் தைத்திருக்கும் சணல் தையலைப் பார்த்திருப்பீர்கள். சரியான முனையைப் பிடித்து இழுத்தால் சர்ரென்று முழுத் தையலும் பிரிந்து வந்துவிடும். தவறான முனையைப் பிடித்தால் இறுகிக்கொள்ளும். பின்னலின் இயல்பும் அதுவே. ஒவ்வொரு கண்ணியும் தனக்கு மேலுள்ள கண்ணியை நம்பி நிற்கிறது. மேலுள்ளது நழுவினால் கீழுள்ளது தானாகவே அவிழும். ஆகவேதான் கடைசி வரிசையின் கண்ணிகள் அனைத்தும் ஊசியின்மேல் ஏறி நிற்கின்றன. ஊசி என்பது கண்ணிகளைப் பிடித்து வைத்திருக்கும் காவல்.

கண்ணியை முன்புறமாக இழுத்தால் நேர்க்கண்ணி. பின்புறமாகத் தள்ளினால் புறக்கண்ணி. கம்பளிக் கடைகளில் 'நிட்', 'பர்ல்' என்று கேட்டால்தான் விளங்கும். உண்மையில் இவை இரண்டும் ஒன்றே. ஒரு பக்கத்திலிருந்து பார்க்கும்போது நேர்க்கண்ணியாக இருப்பது, துணியைத் திருப்பினால் புறக்கண்ணியாகத் தோன்றுகிறது. இவ்வளவுதான் எழுத்துகள். உலகில் உள்ள கம்பளிச் சட்டைகள், குல்லாய்கள், காலுறைகள் எல்லாம் இவ்விரண்டு எழுத்துகளால் எழுதப்பட்டவையே.

இனித் துளைவேலைக்கு வருவோம். லேஸ் என்று எல்லோரும் சொல்வது அதைத்தான். கீழே உள்ள கண்ணியிலிருந்து எடுக்காமல், நூலைச் சும்மா ஒருமுறை ஊசியின்மேல் சுற்றிப் போட்டுவிட்டு அடுத்த கண்ணிக்குப் போங்கள். மறு வரிசையில் அந்தச் சுற்றையும் ஒரு கண்ணியாகப் பாவித்துப் பின்னுங்கள். அடியில் ஆதாரம் இல்லாத கண்ணி ஆதலால் அங்கே ஒரு துளை விழும். தவறிப்போய் விழுந்தால் அது பிழை. வேண்டுமென்றே விழச்செய்தால் அது பூவேலை. ஆனால் ஒரு சிக்கல் உண்டு. ஒவ்வொரு சுற்றும் ஒரு கண்ணியைக் கூட்டிவிடுகிறது. அப்படியே விட்டால் சால்வை வரிசைக்கு வரிசை அகன்றுகொண்டே போகும். அதற்கு ஈடாக, வேறோர் இடத்தில் இரண்டு கண்ணிகளைச் சேர்த்து ஒன்றாகப் பின்னிவிட வேண்டும். வரவு ஒன்றானால் செலவும் ஒன்று. துளைவேலை முழுவதும் இந்தக் கணக்கில்தான் நிற்கிறது. அழகு எங்கிருந்து வருகிறதென்றால், வரவை ஓரிடத்திலும் செலவை மற்றோரிடத்திலும் வைப்பதிலிருந்து வருகிறது.

இக்கலையில் பேர்பெற்ற ஓரிடத்தைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். ஸ்காட்லாந்துக்கு வடக்கே, ஏறத்தாழ 60 பாகை வட அட்சத்தில், ஷெட்லாந்து என்னும் தீவுக்கூட்டம் இருக்கிறது. சுமார் 100 தீவுகள். அவற்றுள் மக்கள் குடியிருப்பவை 16 அளவிலே. மரங்கள் மிகக் குறைவு. காற்று ஓயாது வீசும். குளிர்கால நடுவில் பகற்பொழுது 6 மணி நேரத்துக்கும் குறைவு. இத்தீவுகள் ஸ்காட்லாந்துக்கு வந்த வரலாறும் வேடிக்கையானது. டென்மார்க்கும் நார்வேயும் ஆண்ட முதலாம் கிறிஸ்டியான் என்னும் அரசன் தன் மகளை ஸ்காட்லாந்து மன்னனுக்கு மணம் முடித்தான். பேசிய சீர்ப்பணத்தைக் கொடுக்கக் கையில் காசில்லை. 1469-இல் ஷெட்லாந்துத் தீவுகளை அடகு வைத்தான். பிறகு மீட்கவேயில்லை. வரதட்சிணைத் தொல்லை நமக்கு மட்டும் உரியதன்று என்பதற்காகச் சொன்னேன், மேலே போவோம்.

அங்குள்ள ஆடுகள் சிறியவை. அவற்றின் உரோமம் மிக மென்மையானது. கோடைத் தொடக்கத்தில் அந்த உரோமம் தானே தளர்ந்துவிடும். அதைக் கத்திரிக்காமல் கையாலேயே பறித்தெடுப்பது பழைய வழக்கம். கழுத்துப் பகுதியின் உரோமம் எல்லாவற்றிலும் நேர்த்தியானது. வடகோடியில் உள்ள அன்ஸ்ட் தீவில் பெண்கள் அதைத் தலைமயிர்போல் மெல்லியதாக நூற்றுச் சால்வை பின்னினார்கள். ஏறத்தாழ 6 அடிச் சதுரமான சால்வையை ஒரு திருமண மோதிரத்தின் உள்ளே நுழைத்து எடுத்துவிடலாம். ஆகையால் அதற்கு மோதிரச் சால்வை என்றே பெயர் வந்தது. அத்தீவுகளில் பிறந்தவரும், பின்னாளில் பி அண்ட் ஓ கப்பல் நிறுவனத்தைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவருமான ஆர்தர் ஆண்டர்சன், 1837-இல் விக்டோரியா அரசிக்கு அங்கே பின்னிய மெல்லிய காலுறைகளைப் பரிசளித்தார். 1851-இல் லண்டனில் நடந்த பெரும் பொருட்காட்சியில் ஷெட்லாந்துச் சால்வைகள் இடம்பெற்றன. சீமாட்டிகளின் தோள்களில் அவை ஏறின.

பின்னியவர்களின் நிலை என்ன? அவர்கள் உட்கார்ந்து பின்ன நேரமில்லாதவர்கள். ஆண்கள் மீன்பிடிக்கக் கடலுக்குப் போய்விடுவர். நிலமும் மாடும் வீடும் பெண்கள் பொறுப்பு. அடுப்புக்கு வேண்டிய எரிமண்ணை வெட்டி, கூடையில் முதுகில் சுமந்துகொண்டு நடக்கும்போதே கைகள் பின்னிக்கொண்டிருக்கும். இடுப்பில் ஒரு தோல் வார்; அதில் குதிரைமயிர் அடைத்த ஒரு சிறு மெத்தை; அம்மெத்தையில் பல துளைகள். ஊசியின் ஒரு முனையை அத்துளையில் செருகிவிட்டால் ஊசியின் பாரத்தை வார் தாங்கிக்கொள்ளும். நடந்துகொண்டே விரைவாகப் பின்னலாம். இப்படிப் பின்னியதை வணிகரிடம் கொண்டுபோனால் காசு கிடைக்காது. தேயிலையோ துணியோ கொடுப்பார்கள். வீட்டில் மாவு வேண்டியிருக்க, கையில் தேயிலைப் பொட்டலத்துடன் திரும்புவாள் பின்னியவள். அதை அக்கம்பக்கத்தில் குறைந்த விலைக்கு மாற்றித்தான் உணவு வாங்க வேண்டும். இம்முறையைப் பற்றி விசாரிக்க அரசு வில்லியம் கத்ரி என்பவரை அனுப்பியது. 1872-இல் அவருடைய அறிக்கை வெளியாயிற்று. பெண்கள் பலர் நேரில் வந்து சாட்சி சொன்னார்கள். அவர்கள் சொன்னவை எல்லாம் அச்சில் உள்ளன. ஆனால் வழக்கம் உடனே மறைந்துவிடவில்லை.

மோதிரச் சால்வை விற்பனைக்கு. தங்களுக்கும் தங்கள் குழந்தைகளுக்கும் அவர்கள் பின்னிக்கொண்டது 'ஹாப்' என்னும் சால்வை. ஹாப் என்றால் அவர்கள் பேச்சில் போர்த்துவது என்று பொருள். நடுவில் துளையில்லாத சதுரம். அதைச் சுற்றி அலையலையான துளைவேலைக் கரை. கடைசியில் கூர்கூரான ஓரம். அந்த அலைக்கரையில்தான் நிறங்கள் வரும். சாயம் போட்டவையல்ல, வெள்ளை ஆடு, சாம்பல் ஆடு, செம்பழுப்பு ஆடு, கருப்பு ஆடு ஆகியவற்றின் இயற்கை நிறங்களே. நான் கற்றுக்கொண்டது இந்த அலைக்கரைப் பின்னலைத்தான். அதை நீண்ட சால்வையாகப் பின்னும் எளிய முறையில்.

இனி, சொல்வதாக இருந்த கதை.

மலை நகரம் ஒன்றில் தலைமையாசிரியராக இருந்தபோது, ஒரு நாள் எட்டாம் வகுப்பில் நுழைந்தேன். கடைசி வரிசையில் ஒரு பையன் மேசைக்கடியில் கையை வைத்துக்கொண்டு ஏதோ செய்துகொண்டிருந்தான். எழுந்து நிற்கச் சொன்னேன். கையில் கம்பளிக் குல்லாய், பாதி பின்னியது. வகுப்பே சிரித்தது. "இது பெண்பிள்ளைகள் வேலையல்லவா? படிக்க வந்தாயா, பின்ன வந்தாயா?" என்று கேட்டேன். கேட்டதோடு நிற்கவில்லை. ஊசிகளைப் பற்றி உருவி எடுத்தேன். கண்ணிகள் வரிசையாகச் சரிந்தன. அப்போது அது என்னவென்று எனக்குத் தெரியாது. பையன் அழவில்லை. "ஐயா, எண்ணிக்கை போயிற்று" என்று மட்டும் சொன்னான். அதை நான் துடுக்காக எடுத்துக்கொண்டேன்.

மாலையில் அவன் தாய் வந்தார். கோடைப் பருவத்தில் சுற்றுலா வருகிறவர்களுக்காகக் குல்லாய் பின்னிக் கடைக்குக் கொடுப்பவர். குல்லாய்க்கு இவ்வளவு என்று கூலி. மறுநாள் கொடுக்க வேண்டியவற்றில் ஒன்றை மகன் பின்னிக்கொண்டிருந்திருக்கிறான். அவர் என்மீது குறை சொல்லவில்லை. "சார், ஊசியைக் கொடுத்துடுங்க. அது பக்கத்து வீட்டு அக்காவோடது" என்று கேட்டு வாங்கிக்கொண்டு போனார். செய்து கற்றல் என்பதைப் பற்றி ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் பக்கம் பக்கமாகத் தேர்வு எழுதியவன் நான். கைத்தொழில் பாடத்துக்காகத் தக்ளியில் நூல் நூற்றவன். பையன் செய்துகொண்டிருந்தது அதுதான் என்பது அன்று எனக்குத் தோன்றவேயில்லை. அவன் பள்ளியிறுதி முடித்துச் சமவெளிக்கு வேலைக்குப் போய்விட்டதாகக் கேள்வி.

ஓய்வு பெற்ற மறு ஆண்டு, சந்தையருகே கம்பளிச் சட்டை பின்னி விற்கும் ஓர் அம்மையாரிடம் போய்க் கற்றுத்தரக் கேட்டேன். அவர் சிறிது நேரம் என்னைப் பார்த்தார். பிறகு இரண்டு ஊசிகளையும் ஒரு நூலுருண்டையையும் கொடுத்தார். முதல் வாரம் முழுவதும் நான் நூலை இறுக்கி இறுக்கிப் பிடித்தேன். "சார், நூலோட கழுத்தை நெரிக்காதீங்க. அது எங்கேயும் ஓடிப்போகாது" என்றார். இவ்வொரு சொல்லைப் பயிற்சிப் பள்ளியில் எவரும் எனக்குச் சொல்லியிருந்தால் என் மாணவர்கள் பலர் பிழைத்திருப்பார்கள்.

இப்போது செய்முறை. ஊசியின் பருமனுக்கு எண் உண்டு. 8-ஆம் எண் என்பது 4 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள ஊசி. இதில் எண் கூடக்கூட ஊசி மெலியும் என்பதை நினைவில் வையுங்கள். நான் மறந்துபோய் ஒருமுறை தென்னங்குச்சி போன்ற ஊசியுடன் வீடு வந்தேன். 96 கண்ணிகளை ஏற்றுங்கள். ஏற்றும்போது இரண்டு ஊசிகளைச் சேர்த்துப் பிடித்து ஏற்றி, பிறகு ஒன்றை உருவிவிட்டால் ஓரம் தளர்வாக இருக்கும். ஓரம் இறுகினால் அலை எழாது. இந்த 96-இல் இரு பக்கமும் மும்மூன்று கண்ணிகள் கரைக்காக. அவற்றை எப்போதும் நேர்க்கண்ணியாகவே பின்ன வேண்டும். மீதி 90, அதாவது 18 கண்ணிகள் கொண்ட ஐந்து கட்டங்கள்.

முதல் வரிசை முழுவதும் நேர்க்கண்ணி. இரண்டாம் வரிசையில் கரைகள் நீங்கலாகப் புறக்கண்ணி. மூன்றாவது வரிசைதான் துளை வரிசை. ஒவ்வொரு கட்டத்திலும், இரண்டிரண்டு கண்ணிகளைச் சேர்த்து ஒன்றாக மூன்று முறை பின்னுங்கள். 6 கண்ணிகள் 3 ஆயின. அடுத்து, நூலை ஒரு சுற்றுப் போட்டு ஒரு கண்ணி பின்னுவதை ஆறு முறை செய்யுங்கள். 6 கண்ணிகள் 12 ஆயின. மறுபடியும் இரண்டிரண்டாக மூன்று முறை. 6 கண்ணிகள் 3 ஆயின. மூன்றும் பன்னிரண்டும் மூன்றும் பதினெட்டு. கணக்கு நேராயிற்று. நான்காம் வரிசை முழுவதும் நேர்க்கண்ணி. இந்நான்கையும் திரும்பத் திரும்பப் பின்ன வேண்டியதே. நான்கு வரிசைகளில் ஒன்றே ஒன்றுதான் கவனத்தைக் கேட்பது. மற்ற மூன்றும் கைக்கு ஓய்வு.

இப்படிப் பின்னினால் நேர்க்கோடாக இருக்க வேண்டிய வரிசைகள் வளைவதைப் பார்ப்பீர்கள். காரணம் எளிது. சுற்றுப் போட்ட இடத்தில் கண்ணிகள் பெருகுவதால் துணி விசிறிபோல் விரிந்து மேலெழுகிறது. சேர்த்துப் பின்னிய இடத்தில் கண்ணிகள் குறைவதால் துணி சுருங்கிக் கீழே தாழ்கிறது. மேடும் பள்ளமும் மாறிமாறி வருகையில் அலை பிறக்கிறது. கையால் நாம் வளைத்தது ஒன்றுமில்லை. கூட்டல் கழித்தல் செய்த இடங்களே அதை வளைத்தன.

இரண்டாம் நிறம் எதற்கு என்பதும் இங்கேதான் விளங்கும். ஒரே நிறத்தில் பின்னினால் அலை மங்கலாகத் தெரியும். நான்கு வரிசை பழுப்பு, நான்கு வரிசை வெள்ளை என்று மாற்றினால் ஒவ்வோர் அலையும் தனித்தனியே எழுந்து நிற்கும். கடல் வடியும்போது மணலில் விட்டுச் செல்லும் வரிகளைப் பார்த்திருக்கிறீர்களா? அதே தோற்றம். நான்காம் வரிசையின் நேர்க்கண்ணி, முன்பக்கத்தில் ஒரு சிறு வரப்பாக எழும்பி, நிறத்துக்கு வேலி கட்டினாற்போல் இருக்கும்.

நிறம் மாற்றுவதில் ஏன் நான்கு, ஏன் ஐந்தில்லை என்று ஒரு மாணவி என்னைக் கேட்டாள். நல்ல கேள்வி. ஒரு வரிசை வலமிருந்து இடமாகப் போனால் அடுத்தது இடமிருந்து வலமாக வரும். இரட்டைப்படை வரிசைகள் முடிந்தால் நூல் புறப்பட்ட கரைக்கே வந்து சேரும். காத்திருக்கும் மற்ற நிறமும் அங்கேயே இருக்கும். ஐந்து வரிசை பின்னினால் வேண்டிய நூல் எதிர்க்கரையில் நின்றுவிடும். ஒவ்வொரு முறையும் அறுத்து ஒட்ட வேண்டியதுதான். காத்திருக்கும் நூலை ஓரத்தில் தளர்வாகச் சுற்றிக்கொண்டே மேலே கொண்டுபோக வேண்டும்.

இன்னொரு கேள்வியும் எழலாம். ஒரே வரிசையில் இரண்டு நிறங்களைக் கலந்து பூ உருவங்கள் பின்னக்கூடாதா? அதுவும் ஷெட்லாந்தில் உண்டு. ஃபேர் ஐல் என்னும் தீவின் பெயரால் வழங்கும் அப்பின்னலை 1920-களில் வேல்ஸ் இளவரசர் எட்வர்டு அணிந்தபின் அது உலகெங்கும் பரவியது. அதில் ஒரு வரிசைக்கு இரண்டு நிறங்களே. வேண்டாத நிறம் துணியின் பின்னால் நூலாக ஓடும். துளையில்லாத துணியில் அது மறைந்திருக்கும், குளிருக்கும் நல்லது. துளைவேலையிலோ, சன்னலுக்குக் குறுக்கே கொடி கட்டினாற்போல் ஒவ்வொரு துளையிலும் அந்நூல் தெரியும். ஆகையால் துளைச் சால்வையில் நிறத்தை வரிசை வரிசையாகப் பிரிப்பதே முறை.

நிறத்தைத் தேர்ந்தெடுப்பதற்கு ஒரு சோதனை இருக்கிறது. கடையில் சிவப்பும் பச்சையும் கண்ணைப் பறிக்கும். பின்னியபின் இரண்டும் ஒன்றாகக் குழம்பும். நிறம் வேறானாலும் அடர்த்தி ஒன்றாக இருப்பதே காரணம். இப்போது எல்லோரிடமும் கைப்பேசி இருக்கிறதே. இரு நூலுருண்டைகளையும் அருகருகே வைத்துக் கருப்பு வெள்ளைப் படமாக எடுங்கள். ஒன்று கறுத்தும் மற்றொன்று வெளுத்தும் தெரிந்தால் வாங்குங்கள்.

எண்ணிக்கை தவறுவது உறுதி. எனக்கு ஏழாவது அலையில் தவறியது. ஒரு சுற்றை மறந்துவிட்டேன். அதை அறியாமல் மேலும் ஆறு வரிசைகள் பின்னினேன். பிறகு எண்ணிப் பார்த்தால் 95. சட்டையாக இருந்தால் அவிழ்த்துவிட்டு மறுபடியும் கண்ணிகளைக் கோத்துக்கொள்ளலாம். துளைவேலையில் அது மிகக் கடினம். அடியில் ஆதாரமில்லாத கண்ணிகள் அவிழ்ந்ததும் நூலில் கரைந்து போகின்றன. எது கண்ணி, எது துளை என்று தெரியாது. ஊசியை உருவினேன். வரிசையாகச் சரிந்தன. அப்போதுதான் "ஐயா, எண்ணிக்கை போயிற்று" என்ற குரல் மறுபடியும் கேட்டது. அன்று அவன் சொன்னது துடுக்கல்ல. நடந்ததை நடந்தபடி சொல்லியிருக்கிறான். அன்றிரவு நான் மேற்கொண்டு பின்னவில்லை.

அந்த அம்மையாரிடம் சொன்னபோது ஒரு வழி காட்டினார். ஓர் அலை சரியாக முடிந்து, எண்ணிக்கை 96 என்று தெரிந்ததும், வழுவழுப்பான வேறு நிற மெல்லிய நூலை ஒரு தையலூசியில் கோத்து, பின்னல் ஊசியில் உள்ள எல்லாக் கண்ணிகளுக்குள்ளும் ஓட்டி அப்படியே விட்டுவிட வேண்டும். மேலே எது அவிழ்ந்தாலும் அந்த நூலுக்குக் கீழே அவிழாது. நான் அதற்கு உயிர்நூல் என்று பெயரிட்டிருக்கிறேன். இரண்டு அலைக்கு ஒன்று போடுவேன். கட்டங்களுக்கு நடுவே ஊசியில் ஒரு சிறு நூல்வளையம் மாட்டிவைப்பதும் நல்லது. 96 வரை எண்ணாமல் 18 வரை எண்ணினால் போதும். எங்கள் நீலகிரியில் தோடர் குலப் பெண்கள், பூத்துக்குளி என்னும் வெள்ளைப் போர்வையில் சிவப்பும் கறுப்புமாகப் பூவேலை செய்வதைப் பார்த்திருக்கிறேன். அது பின்னல் அன்று, தையல். ஆனால் வரைபடம் ஏதும் இல்லாமல் துணியின் இழைகளை எண்ணியே போடுகிறார்கள். அவர்களுக்கு எண்ணிக்கை விரலில் இருக்கிறது. எனக்கு இன்னும் வாயில்தான் இருக்கிறது.

நூலைப் பற்றி ஓர் எச்சரிக்கை. கடையில் 'உல்லன்' என்று விற்பவற்றில் பெரும்பாலானவை ஆட்டு உரோமமே அல்ல. அக்ரிலிக் என்னும் செயற்கை நூல். ஒரு துண்டைப் பெரியவர்கள் முன்னிலையில் கொளுத்திப் பாருங்கள். மயிர் கருகும் நாற்றம் வந்து, எஞ்சியது விரலில் பொடியானால் உண்மைக் கம்பளி. உருகிக் கெட்டியான மணியாகத் திரண்டால் செயற்கை. சட்டைக்குச் செயற்கை நூல் போதும். துளைச் சால்வைக்கு ஆட்டு உரோமம் வேண்டும். ஏனென்று சொல்கிறேன்.

ஊசியிலிருந்து இறக்கிய துளைச் சால்வையைப் பார்த்தால் உங்களுக்கு அழுகை வரும். 384 வரிசை, வரிசைக்கு 96 கண்ணி, ஆக 36,864 கண்ணிகள் பின்னியபின் கையில் இருப்பது கசங்கிய கந்தை போன்ற ஒன்று. துளைகள் மூடிக்கிடக்கும், அலைகள் சுருங்கியிருக்கும். அதை நீட்டிக் காயவைத்தால்தான் அது சால்வை. உரோமம் என்பது நம் தலைமயிரைப் போன்ற புரதப் பொருள். ஈரம்பட்டதும் அதன் உள்ளே இருக்கும் மெல்லிய பிணைப்புகள் நெகிழ்கின்றன. நீட்டிய நிலையிலேயே உலர்ந்தால் புதிய இடத்தில் மீண்டும் பிணைந்துகொள்கின்றன. ஈரத் தலையை வாரி உலரவிட்டால் வகிடு நிற்பதைப் போல. செயற்கை நூலுக்கு இக்குணம் இல்லை. நீட்டிய கையை எடுத்தால் பழையபடி சுருங்கிவிடும்.

ஷெட்லாந்தில் இதற்கென்றே மரச்சட்டங்கள் உண்டு. நமக்குத் தடித்த போர்வையும் துருப்பிடிக்காத குண்டூசிகளும் போதும். வெதுவெதுப்பும் இல்லாத குளிர்ந்த நீரில் அரைமணி ஊறவைத்து, முறுக்காமல், கசக்காமல், துண்டில் சுருட்டி ஈரத்தை ஒற்றி எடுங்கள். வெந்நீரில் போட்டுத் தேய்த்தால் உரோமத்தின் செதில்கள் ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டு துணி தடித்த கம்பளமாகிவிடும். பிறகு எதுவும் செய்வதற்கில்லை. பிறகு நிழலில் விரித்து, ஒவ்வோர் அலையின் மேட்டையும் இழுத்து ஓர் ஊசி குத்துங்கள். முடிந்தபின் ஒரு பகல் தொடக்கூடாது.

என் முதற் சால்வையை நீரில் போட்ட கதையையும் மறைக்கக் கூடாது. அது அரக்குச் சிவப்பும் வெள்ளையுமானது. சாயம் நிற்கும் என்று கடைக்காரர் சொன்னதை நம்பினேன். கால்மணி நேரத்தில் நீர் சிவந்தது. வெள்ளை அலைகளெல்லாம் ரோசா நிறம் பூண்டன. நூல் வாங்கிய அன்றே ஒரு துண்டை நனைத்து வெள்ளைத் துணியில் வைத்து அழுத்திப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அடுத்ததற்கு ஷெட்லாந்துப் பெண்களின் வழியையே பின்பற்றினேன். சாயமில்லாத வெள்ளையும், சாயமில்லாத பழுப்பும்.

அது 16 அங்குல அகலத்தில் ஊசியிலிருந்து இறங்கியது. நீட்டி உலர்ந்தபின் 20 அங்குலம். சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஒவ்வொரு துளையும் திறந்திருந்தது. ஏழாவது அலையில், மூன்றாம் கட்டத்தில், ஆறு துளை இருக்க வேண்டிய இடத்தில் ஐந்துதான் இருக்கின்றன. இரண்டாம் சால்வையிலும் அதே அலை! அவிழ்க்காமல் பக்கத்தில் ஒரு கண்ணியைக் கூட்டிச் சரிக்கட்டியிருக்கிறேன். அந்த அம்மையார் மட்டும்தான் கண்டுபிடித்தார். ரோசா நிறமாகிப்போன முதற் சால்வையை அவர் தம் பேத்திக்குக் கேட்டு வாங்கிக்கொண்டார். மூன்றாவதற்குச் சாம்பலும் வெள்ளையுமாக நூல் வாங்கியாயிற்று. இந்தப் பேச்சை எழுதி முடிக்கும்போது அதில் 96 கண்ணிகள் ஊசியில் ஏறி, இரண்டு அலைகள் முடிந்து, முதல் உயிர்நூலும் ஓடியிருக்கிறது.